பதில் வராத பொறுப்பாளர்

அடியே,

இன்றைக்குக் கடையைத் திறந்ததும் முதல் வேலையாக, உங்கள் எடை மேடையிலிருந்து எடுத்துவந்த பழைய பிரிண்டரைப் பிரித்துப் போட்டேன். ரிப்பனைக் கழற்றும்போதே அந்த மை வாசம் மூக்கில் ஏறிவிட்டது. விரலெல்லாம் கறுப்பு. "சோப்புக்கெல்லாம் போவாது, தேங்காயெண்ணெ போட்டுத் தொடை புள்ள" என்பாயே, அது காதுக்குள்ளேயே கேட்டது. நீ போய் ஒரு வருசமாகப் போகிறது. உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்.

ராசிபுரம் காலேஜில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் படித்தோம். நான் நாமக்கல்லில் ரிப்பேர் கடை போட்டேன். நீ கல்யாணமாகி, ஜேடர்பாளையம் ரோட்டில் உன் மாமனாரின் எடை மேடையில் கரும்பு லாரிக்கும் மக்காச்சோள லாரிக்கும் எடைச் சீட்டுப் போட உட்கார்ந்தாய். அந்தக் கம்ப்யூட்டருக்கு மாதம் தவறாமல் வைரஸ் வரும், நானும் தவறாமல் வருவேன். சலித்துப்போய் ஒரு நாள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு லினக்ஸ் என்கிற சிஸ்டத்தைப் போட்டேன். "காசு கிடையாது, உள்ளே இருக்கிறதை யார் வேணாலும் பார்க்கலாம், யார் வேணாலும் திருத்தலாம்" என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன். எல்லாம் ஓடியது, பிரிண்டரைத் தவிர. எடைச் சீட்டு கேட்டால் எந்த ஊர் எழுத்தோ தெரியவில்லை, கண்டபடி கக்கியது. வெளியே லாரிகள் வரிசை கட்டி நின்றன.

"ஏனுங்க்கா, எடையை நானே கையில எழுதிக்கட்டுங்களா?" என்று ஒரு டிரைவர் சிரிக்காமல் கேட்டார். எனக்கு மானம் போய்விட்டது. நீ மட்டும் அசையவில்லை. "யாரு வேணாலும் திருத்தலாம்னு இப்பத்தான சொன்னே? அப்ப நாமளே திருத்தலாம்" என்றாய்.

திருத்தவும் செய்தாய். ஒரு லாரி போய் அடுத்த லாரி வருகிற இடைவெளியில் உட்கார்ந்து, அந்தப் பிரிண்டரை இயக்கும் நிரலை வரிவரியாகப் படித்தாய். நீ எழுதுவாய், நான் வந்து ஓட்டிப் பார்ப்பேன். காகிதம் கிழியும், நான் கத்துவேன், நீ மறுபடி எழுதுவாய். ஒரு வழியாகச் சீட்டு நேராக வந்ததும், இதே பிரிண்டர் வைத்திருக்கிற மற்றவர்களுக்கும் ஆகட்டுமே என்று, லினக்ஸைக் கட்டிக் காக்கிற குழுவுக்கு அனுப்பினோம். அங்கே ஒரு மனிதர், எந்த நாட்டுக்காரரோ, ஒவ்வொரு வரிக்கும் ஒரு குறை எழுதித் திருப்பி அனுப்பினார். எனக்குச் சுள்ளென்று வந்தது. "சும்மா குடுக்கறதுக்கு இத்தனை பேச்சா? போச்சாது, உட்டுத் தள்ளு" என்றேன். நீ அந்த மெயிலையே பார்த்துக்கொண்டிருந்தாய். "ஒரு வரி உடாம படிச்சிருக்காரு புள்ள. நான் செய்யறத இதுக்கு முன்ன யாரு இப்படிப் பார்த்தாங்க?" என்றாய். நான் பிரிண்டரில் அடுத்த காகிதத்தைச் செருகினேன்.

அது ஏற்றுக்கொள்ளப்பட்ட அன்று நீ கேசரி கிண்டினாய். உன் மாமியார் எட்டிப் பார்த்து, "இன்னைக்கு என்ன நோம்பி?" என்றார்.

"என்ற பேரு சிஸ்டத்துல ஏறிடுச்சுங்கத்தை. அந்தப் பிரிண்டருக்கு இனி நாந்தான் பொறுப்பு, யாரு எங்கிருந்து கேட்டாலும் நாந்தான் பதில் சொல்லோணும்."

"சம்பளம் என்ன சாமி?"

"சம்பளமெல்லாம் இல்லீங்."

"அப்பறம் என்னத்துக்கு இந்தச் சிரிப்பு?" என்று கேட்டுக்கொண்டே ஒரு கரண்டி கேசரி வாங்கிப் போனார். நாம் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அப்புறம் உனக்கு அந்தப் பாழாய்ப்போன நோய் வந்தது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டும் போனில் யாருக்கோ பதில் தட்டிக்கொண்டிருந்தாய். "பொறுப்பை என்கிட்டக் குடு" என்று கேட்க எனக்கு நா எழவில்லை. கேட்டால் நீ பிழைக்க மாட்டாய் என்று நானே சொன்ன மாதிரி ஆகிவிடும். நீயும் சொல்லவில்லை.

உன் சாவுக்கு ஒறம்பரை சொந்தபந்தமெல்லாம் வந்தார்கள், லாரிக்காரர்கள்கூட வந்தார்கள். லினக்ஸ் குழுவில் மட்டும் ஒருவருக்கும் தெரியாது. அங்கே உன் பேரும் உன் பொறுப்பும் அப்படியே இருந்தன. உன்னிடம் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டே இருந்தார்கள். அங்கே நீ செத்தவள் இல்லை, பதில் போடத் தாமதிக்கிறவள், அவ்வளவுதான். மனசு கனத்த நாளெல்லாம் அந்தப் பக்கத்தைத் திறந்து உன் பேரைப் பார்ப்பேன். அந்த ஒரு இடத்திலாவது நீ இருந்துவிட்டுப் போ என்று விட்டுவிட்டேன்.

விட்டு வைக்க முடியவில்லையடி. லினக்ஸின் புதுப் பதிப்பு வந்ததும் சீட்டு மறுபடி கோணலாகிவிட்டது. எடை மேடைக்காரர்கள் எனக்குப் போன் போட்டார்கள். குழுவிலிருந்து அறிவிப்பு வந்தது: பொறுப்பாளரிடமிருந்து பதிலே இல்லை, வேறு ஆள் பொறுப்பேற்காவிட்டால் இந்த நிரலை அடுத்த பதிப்பிலிருந்து எடுத்துவிடுவோம் என்று. அதன் கீழே எவனோ ஒருவன், 'பாதியில் விட்டுவிட்டு ஓடுகிறவர்கள் எதற்காகப் பொறுப்புக்கு வருகிறார்கள்?' என்று எழுதியிருந்தான். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நீயா? ஊசி குத்திய கையோடு பதில் தட்டிய நீயா ஓடினவள்?

உன்னை அங்கே உயிரோடு வைக்கப் பார்த்து உன் பேரைக் கெடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. கோணலைச் சரிசெய்து, நிரலை அனுப்பினேன். கூடவே எழுதினேன்: 'அவள் ஓடவில்லை. இறந்துவிட்டாள். கடைசி வாரம் வரைக்கும் உங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தாள். நான் அவள் தோழி. பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன்.' அனுப்புகிற பொத்தானை அழுத்திவிட்டு, கடையென்றும் பார்க்காமல் அழுதேன். உன் வீட்டு வாசலில் எல்லோரும் அழுதபோது எனக்கு வராத அழுகை.

அதற்குப் பிறகு பார், ஒவ்வொருவராகத் துக்கம் விசாரிக்க வந்தார்கள். பனி கொட்டுகிற ஊரில் பார்சல் ஆபீஸ் வைத்திருக்கிறவர், இத்தனை வருசமாக உன் நிரலில்தான் ரசீது போடுகிறாராம். ஒரு தீவில் மீன் ஏலம் போடுகிற பெண், நீ பெண் என்றே தெரியாது என்று எழுதினாள். ஓடினவள் என்று எழுதினவனும் மன்னிப்புக் கேட்டான். பொறுப்பாளர் பட்டியலில் இருந்த உன் பேரை எடுத்து, இந்த சிஸ்டத்தைக் கட்டினவர்கள் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். உன் மாமியாரிடம் காட்டினேன். தொட்டுப் பார்த்துவிட்டு, "என்ற மருமவ பேரா சாமி இது?" என்றார். இந்தத் தடவை சம்பளத்தைக் கேட்கவில்லை.

இப்போது உனக்கு வந்துகொண்டிருந்த கேள்வியெல்லாம் எனக்கு வருகிறது. இன்றைக்குப் பிரிண்டரைப் பிரித்ததுகூட அப்படிக் கேட்ட ஒருவருக்காகத்தான். உன் அளவுக்கு எனக்குப் பொறுமை கிடையாது, திட்டிக்கொண்டேதான் செய்கிறேன். ஆனால் தெரிந்ததற்கு அன்றைக்கே பதில் போட்டுவிடுகிறேன். தெரியாததற்கு, 'தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்' என்றாவது எழுதிவிட்டுத்தான் கடையைச் சாத்துகிறேன். அந்தப் பிரிண்டரைப் பற்றிக் கேட்டு வருகிற ஒருத்தரும் இனிமேல் பதிலுக்குக் காத்திருக்கக் கூடாது புள்ள.