பறக்கும் ரயில் மாப்பிள்ளை

ஐப்பசி 9, வெள்ளி. புதூர்நாடு
காலையிலிருந்து தூறல். சுகாதார சப்-சென்டர் கூரை ஒழுகல், வாளி வைத்தாயிற்று. கலசப்பாக்கத்திலிருந்து அண்ணன் சொல்லியனுப்பியிருக்கிறான், ஞாயிறு மாப்பிள்ளையோடு வருகிறானாம். நர்சு எனக்கு லீவு இல்லை, அதனால் பெண் பார்ப்பது இங்கேயே. மெட்ராஸில் சூப்பர்வைசர். டவுன் நடுவில், தூண் மேல் ஓடப்போகிற ரயிலுக்கு ஸ்டேஷன் கட்டுகிறாராம். ஊரில் இப்போதே "பறக்கும் ரயில் மாப்பிள்ளை". இங்கே தரையில் ஓடுகிற பஸ்ஸே ஒழுங்காக வருவதில்லை.
எனக்கு வயது முப்பதைத் தொடுகிறது. அம்மாவுக்கு இதுதான் கடைசி நம்பிக்கை.
வாங்க: சர்க்கரை, மண்ணெண்ணெய், பிளேடு. புடவை வேண்டாம்.

ஐப்பசி 11, ஞாயிறு
வாடகை ஜீப்பில் வந்தார்கள். மலை வளைவில் மாப்பிள்ளைக்கு வாந்தி. பாவம் என்றுகூட நினைத்தேன். பிறகு பேச ஆரம்பித்தார். வரைபடத்தை விரித்தார். தூண், படி, உச்சியில் பிளாட்பாரம். அண்ணன் வாயைப் பிளந்தான்.
"மேல நின்னா டவுனே தெரியும்ங்க."
"மாசமா இருக்கறவங்க எப்டி ஏறுவாங்க?" என்றேன்.
"அதெல்லாம் படத்துல வராதுங்க." சிரிப்பு வேறு.
அப்போதுதான் மேல் கிராமத்துப் பொன்னியை டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே. என் கையில் ஆகாது, திருப்பத்தூர் ஆஸ்பத்திரிதான். இருந்தது அந்த ஒரு ஜீப்.
"மாப்ள வந்த வண்டிம்மா..." என்று அண்ணன் இழுத்தான்.
"தாராளமா ஏத்துங்க" என்றார் அவர். சொல்லிவிட்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். பின்னால் குமட்டுமாம்.
பின்னால் பொன்னி படுக்க, நான் மடங்கி உட்கார, இடம் முடிந்தது. அண்ணன் சப்-சென்டரிலேயே நின்றுவிட்டான். பொன்னியின் புருஷன் வெளிக்கம்பியைப் பிடித்துத் தொங்கினான், கொட்டுகிற மழையில்.
"கொஞ்சம் நவுருங்க, அவரும் முன்னாடி உக்காரட்டும்."
"சட்டை சேறாயிடும்ங்க."
மலை இறங்கும்வரை பொன்னியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை வந்திருக்கும்.

ஐப்பசி 12, திங்கள். திருப்பத்தூர்
ஆபரேஷன். பெண் குழந்தை. இருவரும் பிழைத்தார்கள். ஸ்டேஷன் கட்டுகிறவர் நேற்றே பஸ் ஸ்டாண்டில் இறங்கிக்கொண்டார், ஆஸ்பத்திரி வாசல்வரைகூட வரவில்லை. வந்து இறங்கியபோது பொன்னியின் புருஷனுக்கு விரல்கள் விறைத்து டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. டீயை நானே வாயில் வைத்துக் கொடுத்தேன். வெட்கப்பட்டான்.

ஐப்பசி 15, வியாழன். புதூர்நாடு
வெயில். துணி காய்ந்தது. அண்ணன் வந்தான், முகமெல்லாம் பூரிப்பு.
"அவருக்கு சம்மதமாம். நீ வேலைய மட்டும் விட்டுடணுமாம். ஸ்டேஷன் பக்கத்துலயே வூடு!"
"எனக்கு சம்மதம் இல்லண்ணா."
"இன்னாம்மா கொறச்சல் அவருக்கு?"
"முன் சீட்ல எடம் இருந்திச்சு. அவரு நவுரல."
"இதெல்லாம் ஒரு காரணமா? அம்மாகிட்ட இன்னான்னு சொல்லட்டும்?"
"இதையே சொல்லு."
சாப்பிடாமல் போய்விட்டான்.