பட்டி பார்த்த சுவர்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

முதலாளி புதுப்பித்து விற்க வாங்கிய பழைய வீட்டில்தான் இப்போது வேலை, தங்குவதும் அங்கேயே. பின் அறைச் சுவரில் விரல் நுழையும் அளவு விரிசல். குறுக்கே ஒரு காகிதம் ஒட்டிவைத்தேன். மூன்றாம் நாள் அது கிழிந்திருந்தது. சுவர் நகர்கிறது என்று முதலாளியிடம் சொன்னேன்.

"அடைச்சு, பட்டி பாத்து, பெயிண்ட் அடிச்சிருப்பா. விக்கிற வரைக்கும் நின்னா போதும்."

அடித்தேன். என் கைவேலைதான் உனக்குத் தெரியுமே, விரிசல் இருந்த இடம் எனக்கே தெரியவில்லை.

நேற்று வீடு பார்க்க ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவளுக்கு ஏழெட்டு மாத வயிறு. அந்தச் சுவரைத் தடவிப் பார்த்து, "குழந்தைக்கு இந்த ரூம்தாங்க" என்றாள். நான் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தேன். அது சுத்தமான பிறகும் கழுவிக்கொண்டே இருந்தேன்.

நீ பயப்படாதே, நான் முன் அறையில்தான் படுக்கிறேன். இருமல் மாத்திரையின் பெயரை எழுதி அனுப்பு. பாப்பா கிறுக்கிய காகிதம் ஏதாவது இருந்தால் கூடவே வை.

இன்று காலை அந்தப் பெயிண்டின் மேல் தலைமுடி போல ஒரு கோடு. திங்கட்கிழமை அவர்கள் கையெழுத்துப் போட வருகிறார்கள். முதலாளி பெயிண்ட் டப்பாவோடு கூப்பிடுகிறார், போகிறேன்.

பாப்பாவைச் சுவரோரம் படுக்கவைக்காதே.