வென்று தந்தவர் என்னும் சொல் குறித்து ஓலைநாயகன் காடன் விடுத்த ஓலை

நலம் ஓங்குக. நீர் பொய்க்காத வெண்குன்ற நாட்டின் தனிக்கோ, பகைவரும் புகழும் நேர்மையர், வடபுலப் பாசறையில் எழுந்தருளியிருக்கும் மன்னர் பெருமான் திருவடிகளுக்கு, தலைநகரில் ஓலைநாயகம் செய்யும் வெள்ளூர் காடன் நிலம் தோய வணங்கி எழுதுவது. மன்னரும் படையும் நலமே இருக்க. குதிரைகளுக்குப் புல் குறையாதிருக்க.

இங்கும் நலமே, ஒரு சொல்லைத் தவிர.

கோட்டைப்பந்தில் நம் அணி எட்டு அணிகளைத் தாண்டி இறுதி ஆட்டத்துக்கு வந்திருப்பதையும், இன்று உச்சிப்பொழுதில் செங்கரை நாட்டாரை எதிர்ப்பதையும், வெல்லும் நாட்டுக்கே பொது ஏரியின் கோடை முதல்நீர் என்பதையும் பெருமான் அறிவீர். வென்று தந்தவர் பொற்பட்டம் பெறுவர் எனத் தாங்கள் அருளியதை ஓலையில் பொறித்தவன் காடன்தான். அது சந்தியில் படித்துத் தொங்கவிடப்பட்ட நாள்முதல் ஊர் இரண்டாகிவிட்டது. வென்று தந்தவர் என்றது மதிப்புக்குரிய ஒருவரையா, பலரையா என்பதே வழக்கு.

ஒருவரே என்பது உப்புத்தெருவார் கட்சி. அவ்வொருவர் பந்தெறிவோன் இளம்பூதன். எத்தனை தொலைவில் ஓடுபவனுக்கும் உள்ளங்கையில் பந்தை வைக்கும் கை அவனுடையது. அவன் வருமுன் இதே வீரர்கள் நான்கு ஆண்டும் முதல் ஆட்டத்திலேயே மூட்டை கட்டியதை மறக்கலாகாது என்பர். பலரே என்பது தறித்தெருவார் கட்சி. எதிரிகள் பாயாதபடி நெஞ்சு கொடுத்து நிற்கும் முன்னரண் ஐவர் இல்லையேல் பூதனுக்குக் கையைத் தூக்கவும் நேரமிராது; அவன் காய்ச்சலில் கிடந்த மாரியில் கோணல் கைக்காரன் ஒருவனை வைத்தே மூன்று ஆட்டம் வென்றோமே, சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்பர். இவ்வழக்கால் ஒரு திருமணமே நின்றது. சம்பந்திகள் எதிரெதிர்க் கட்சியாம். மெய் சொன்னால், காடனும் உப்புத்தெருவான். எழுதும்போது அவன் மனத்தில் இருந்தவன் பூதன் ஒருவனே.

நேற்று மாலைப் பயிற்சியில் அது சிரிக்கும் காரியமாக இல்லாது போயிற்று. பட்டம் பெறுபவரே தம்மைக் காத்துக்கொள்ளட்டும் எனக் கூறி, ஐவரும் ஒரே ஒரு முறை விலகி நின்றனர். பூதன் மண்ணில் விழுந்தான்; நல்லவேளை, எலும்பு முறியவில்லை. கொதித்து ஓடிய காடனிடம் ஐவருள் மூத்த சாத்தன் தலைகுனிந்து, தாங்கள் பொன்னுக்கு அழவில்லை என்றும், அந்த ஓலையில் தாங்கள் உண்டா இல்லையா எனத் தெரியாமல் நெஞ்சு கொடுக்க இயலவில்லை என்றும், தங்களுக்கு வேண்டியது கள் மட்டுமே என்றும் கூறினான். ஆட்டத்துக்கு முந்தின நாள் கள்ளா என்று காடன் சீறினான். குடிக்கும் கள் அன்று, தந்தவர் என்பதன் பின் விடுபட்ட கள் என்று மண்ணில் கிடந்தபடியே விளக்கியவன் பூதன். அது சேராவிடில் தானும் களமிறங்கப் போவதில்லை என்றான். வீழ்த்தப்பட்டவனே அதைச் சொல்லக் கேட்டுக் காடனுக்கு வெட்கமாயிருந்தது.

செங்கரையாரிடம் பூதனைப்போல் எறிவோன் இல்லை. ஆயினும் அவர்கள் பதினொருவரும் ஒரே சுவர். பிளந்த அணியோடு அவர்கள்முன் நிற்பதைவிட ஏரியைத் தாரை வார்த்துவிடலாம்.

பாசறைக்குக் குதிரை போய்வர ஐந்து நாள். அரச ஓலையில் ஓரெழுத்துத் திருத்தினாலும் திருத்திய கை போகும் என்பது சட்டம். அந்தச் சட்டத்தைப் பொறித்தவனும் காடனே. தெரிந்தே, இன்று காலை சந்தியில் ஊர் பார்க்க, தந்தவர் என்பதன் பின் இரண்டு எழுத்தைக் கீறி மை பூசினான். ஐவரும் பூதனைத் தோளில் தூக்கிக்கொண்டு களம் புகுந்தனர். ஆரவாரம் இவ்வோலை எழுதும் அறைவரை கேட்கிறது, யாருக்கென்று தெரியவில்லை. பெருமானே, நாம் தோற்கவும் கூடும். காடன் அஞ்சுகிறான்.

தண்டம் எதுவாயினும் தலைமேற் கொள்வான். ஒன்று மட்டும் விண்ணப்பம். காவலரும் தடுக்காது நின்றமையால் ஊரே குற்றவாளி என யாரேனும் ஓதக்கூடும். ஆகவே ஆணை எழுதுவிக்கையில், திருத்தியவர் என அவனுக்கு மதிப்புக் கூட்ட வேண்டா. அது பலரையும் குறிக்கும். திருத்தியவன் என்றே பொறிக்கச் செய்க.

கோல் நிலைக்க, ஏரி நிறைக. ஓலைநாயக முத்திரை இட்டு, திருவாணை வரும்வரை வெள்ளூர் காடனுடையதாகிய வலக்கையால் எழுதியது.