மகன் குடியிருக்கக் கூடாத வீடு

அன்பு மகள் கார்மேனாவுக்கு, மக்காய் முதியோர் இல்லத்திலிருந்து அப்பா சொல்லச் சொல்ல பக்கத்து அறை டோரீன் அம்மாள் எழுதுவது. இங்கே என் உடம்பு ஏதோ ஓடுகிறது, மூச்சு வாங்குவதுதான் குறையவில்லை. பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதா பார்த்துக்கொள்ளட்டும். மழை விட்டபாடில்லை, கரும்பெல்லாம் சாய்ந்து கிடக்கிறதாம், நம் தோட்டத்தை வாங்கினவன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறான் என்று இந்த இல்லத்துச் சமையல்காரப் பெண் சொன்னாள். போன ஞாயிறு கோயிலிலிருந்து நம் ஊர்ப் பலகாரம் பாஸ்டீட்ஸி கொண்டுவந்து கொடுத்தார்கள், உள்ளே பட்டாணி, வெளியே அட்டை, பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தின்ன முடிந்தது.

நீ போனில் அழுதுகொண்டே வைத்துவிட்டாய், மறுபடி கூப்பிட்டால் எடுக்கவில்லை, அதனால்தான் கடிதம். பெத்த பிள்ளையைத் தெருவுல தள்ள உங்களுக்கு எப்படிப்பா மனசு வந்துச்சு, நான் செத்தாலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாய். சரி, நடந்ததை முதலில் கேள். தோட்டத்தை விற்ற பணத்தில் நம் மூன்று பேர் பெயரிலும் ஓய்வுக்கால நிதி ஒன்று வைத்து, அந்த நிதியின் பெயரில் கடற்கரைப் பக்கத்து வீட்டை வாங்கினோம் அல்லவா, அந்த வாடகையில்தான் இந்த அறைக்கும் என் சாப்பாட்டுக்கும் பணம் போகிறது. அண்ணன் லெலியின் பங்கும் அதில் இருக்கிறது, ஆனால் அறுபது வயது ஆகும்வரை அவன் அதைத் தொட முடியாது. பெண்டாட்டி போய், சொந்த வீடும் போய், ஆலையில் முதுகு போய், அந்த வீட்டில் அவன் குடியேறினான். ஓசியில் இல்லை, வெளியாள் தருகிற அதே வாடகையைத் தந்துதான் இருந்தான். இந்த வருடம் கணக்குப் பார்க்க வந்த ஆடிட்டர் பெண் வாடகைக்காரர் பெயரைப் பார்த்துவிட்டு, இவர் உங்களுக்கு யார் என்று கேட்டாள். மகன் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

எவன் வேண்டுமானாலும் அந்த வீட்டில் இருக்கலாமாம், குடிகாரன் இருக்கலாம், நேற்று ஜெயிலிலிருந்து வந்தவன் இருக்கலாம், நம் ரத்தம் மட்டும் இருக்கக் கூடாதாம், வாடகை தந்தாலும் கூடாதாம். அந்தப் பணம் முதுமைக்கு மட்டும் என்பதால் அதற்கு முன்னால் நம்மில் எவரும் அதிலிருந்து நிழல்கூட வாங்கக் கூடாது என்பது சட்டம். அவள் வரி ஆபீசுக்கு எழுதியே ஆக வேண்டும், எழுதாவிட்டால் அவள் வேலை போகும், எழுதிவிட்டாள். இனி லெலி காலி செய்து, நாம் தவற்றைச் சரிசெய்தோம் என்று நிதியின் டிரஸ்டிகளான நாம் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். தராமல் இழுத்தால் நிதிக்கு உள்ள வரிச் சலுகையை அவர்கள் பிடுங்கிவிடலாமாம், அப்படிச் செய்தால் நிதியில் ஏறக்குறைய பாதி போய்விடும். அபராதம் விழுந்தால் ஆளுக்கு ஆள் தனித்தனியாக நம் சொந்தப் பையிலிருந்து கட்ட வேண்டும், நிதியிலிருந்து எடுக்கக் கூடாது. நீ பெர்த்தில் இருந்தாலும் உன் பெயரிலும்தான் வரும். மாப்பிள்ளையிடம் இதை நீயே சொல்லிவிடு, கடிதத்தைப் பிரித்து அவர் தெரிந்துகொள்வது நன்றாக இருக்காது.

நம் நிதியின் கணக்கை எழுதுகிற ஹாலரன் எனக்கு ஒரு வழி சொன்னார். கிழவருக்குப் படிக்கத் தெரியாது, என்னத்துல கையெழுத்துப் போட்டோம்னே தெரியாதுன்னு எழுதிடலாம் என்றார். நீயும் அதையே சொன்னாய். மகளே, எனக்குத் தெரியாதது எழுத்து, காது நன்றாகத்தான் கேட்கிறது. நாம் டிரஸ்டியான அன்று ஹாலரன் அந்த நீளமான காகிதத்தை வாய்விட்டுப் படித்தார், சொந்தக்காரர் யாரும் அந்த வீட்டில் தங்கக் கூடாது என்று வந்த இடத்தில் நிறுத்தி நம் மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். அந்தக் கோழிக்கூட்டுல நான் ஏங்க போய்ப் படுக்கப்போறேன், எனக்கு நாலு படுக்கையறை இருக்குன்னு லெலி சொன்னான். நீ சிரித்த சிரிப்பில் காபி சிந்தி ஹாலரன் துண்டு தேடினார். அப்போது அவனுக்கு நாலு படுக்கையறை இருந்தது. சொல்லவில்லை என்று நான் எப்படிச் சொல்ல? அதோடு, படிக்கத் தெரியாத கிழவன் என்று என்னை ஒதுக்கிவிட்டால் மீதிப் பழி உன் தலையிலும் அவன் தலையிலும்தான் இறங்கும்.

செவ்வாய்க்கிழமை லெலியை ஹாலரன் ஆபீசுக்கு வரச் சொன்னார்கள், என்னை இல்லத்து வண்டியில் கூட்டிப்போனார்கள். அங்கே மேசைமேல் ஒரு காகிதம், குடியிருப்பவன் காலி செய்ய வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் சொல்வது. வீட்டுக்காரர்களில் அவனும் ஒருத்தன், குடியிருப்பவனும் அவன்தான். ஹாலரன் அதை லெலி பக்கம் தள்ளினார். லெலி, பேனாவைக் குடுங்க சார், இந்த வாடகைக்காரன் சரியான தொல்லை, முதல்ல இவனைத் துரத்தணும் என்றான். யாரும் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு அதே காகிதத்தின் நகலை அவனே வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். வாசலில் என் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டே, நீங்க சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்டான். நான் சாப்பிடுவதே அந்த வீட்டு வாடகையில்தான் என்று அவனுக்குத் தெரியாதா. சனிக்கிழமை சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டான். எங்கே இருக்கிறாய் என்றால் நண்பன் வீட்டில் என்கிறான். எந்த நண்பன் என்றால் உங்களுக்குத் தெரியாதுப்பா என்கிறான். நேற்று வந்தபோது சட்டை கசங்கியிருந்தது, கழுத்தெல்லாம் கொசுக்கடி, ஆற்று முகத்துவாரத்தில் வண்டியை நிறுத்தி அதிலேயே படுக்கிறான் என்று நினைக்கிறேன். அந்த முதுகோடு. இங்கே என் அறைத் தரையில் படுத்துக்கொள்ளட்டும் என்று நர்சிடம் கேட்டுப் பார்த்தேன், விதிப்படி முடியாது என்றாள்.

டோரீன் அம்மாள் கை வலிக்கிறது, சீக்கிரம் முடிங்க என்கிறாள். இவ்வளவையும் ஒன்றைக் கேட்கத்தான் சொன்னேன். எப்படி மனசு வந்தது என்று நீ கேட்டாய். நானும் ஒன்று கேட்கிறேன். உன் வீடு எந்த நிதியின் பெயரிலும் இல்லை, உன் பெயரிலும் மாப்பிள்ளை பெயரிலும் இருக்கிறது. அங்கே உன் அண்ணன் படுத்தால் எந்த ஆடிட்டரும் கேட்க முடியாது, எந்தச் சட்டமும் குறுக்கே வராது. தையல் மெஷினும் மாப்பிள்ளையின் மீன்பிடிச் சாமானும் கிடக்கிற அறை இன்னும் அப்படியேதான் இருக்கிறதா? என் மீது கோபப்பட்டது போதும். அவனைக் கூப்பிடு. வா என்று சொல்வாயா, மாட்டாயா, அதை மட்டும் எனக்குச் சொல்லி அனுப்பு.

குழந்தைகளுக்குத் தாத்தாவின் முத்தம். கடவுள் உன் குடும்பத்தைக் கைவிடாமல் காக்கட்டும். கூட வைத்திருப்பது தவற்றைச் சரிசெய்தோம் என்கிற காகிதம், அதில் பென்சிலால் குறியிட்ட இடத்தில் லெலி பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டு, இந்த மாதம் முடிவதற்குள் ஹாலரனுக்கு அனுப்பிவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா
கிரெட்சு ஃபாருஜா