உப்புத் தண்ணீரில் நனைத்த கயிறு

அனுப்புநர்:
சே. இனிகோ மச்சாது,
தோணித் தண்டல்,
கடற்கரை மேல வீதி, தூத்துக்குடி.

பெறுநர்:
உயர்திரு தலைமைப் பொறியாளர் அவர்கள்,
புறநகர் ரயில் மின்மயமாக்கும் பணி,
சென்னை.

பொருள்: மின்சார ரயில் பாதை வேலையில் 19.7.1978 அன்று இறந்த என் தம்பி ஹென்றி மச்சாது பற்றிய விசாரணை அறிக்கையிலிருந்து ‘தற்கொலை’ என்ற சொல்லை நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய அய்யா,

1. நான் இருபத்திரண்டு வருடமாகக் கொழும்புக்குத் தோணி ஓட்டும் தண்டல். மனு எழுதிப் பழக்கமில்லை. எங்காவது வார்த்தை தடித்தால் பொறுத்துக்கொள்ளவும்.

2. ஹென்றியும் தோணிக்காரன்தான். பாய்மரம் ஏறுவதில் எங்கள் துறையில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. சென்ற வருடம் தங்கள் ஒப்பந்தக்காரர் இங்கே வந்து, மின்சார ரயில் விடக் கம்பம் நட்டுக் கம்பி இழுக்கிறோம், உயரத்தில் தலை சுற்றாத ஆட்கள் வேண்டும் என்று ஆறு பேரைக் கூட்டிப் போனார். அதில் ஹென்றியும் ஒருவன். அந்த ரயிலில் கரியும் கிடையாது, புகையும் கிடையாது, மெட்டில்டா நல்ல சேலையே உடுத்திக்கொண்டு வரலாம் என்று வீட்டுக்கு எழுதியிருந்தான். மெட்டில்டா அவன் மனைவி.

3. இறந்த அன்று முதல் சோதனை ரயில் ஓட இருந்தது. அவன் ஏறிய கம்பத்தின் கம்பியில் மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். பக்கத்துப் பாதைக் கம்பியில் ரயிலுக்காக மின்சாரம் விட்டிருந்தார்கள். அவன் இடுப்புக் கயிற்றின் தொங்கல் காற்றில் ஆடி அதில் பட்டுவிட்டது. கம்பியைத் தொடாதே என்று அவனுக்குச் சொல்லியிருந்தார்களாம். அவன் தொடவில்லை அய்யா. கயிறுதான் தொட்டது. ஈரக் கயிற்றில் மின்சாரம் பாயும் என்று அவனுக்கு யாராவது சொன்னார்களா? அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

4. தற்கொலை என்பதற்கு விசாரணை அதிகாரி இரண்டு காரணம் எழுதியிருக்கிறார். ஒன்று, ஹென்றி காலையில் கடையில் உப்பு வாங்கி, வாளியில் கரைத்து, தானே கயிற்றை நனைத்தான். உப்புத் தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும் என்பது படித்த அவருக்குத் தெரியும். எங்களுக்குத் தெரிந்தது வேறு. காய்ந்த கயிறு வழுக்கும், உப்பு ஏறிய கயிறு சீக்கிரம் காயாமல் பிடித்துக்கொள்ளும். தோணியில் கடலே நனைத்துவிடும். அந்த அதிகாரி ஒரு நாளாவது பாய்மரம் ஏறிப் பார்த்திருக்கிறாரா?

5. இரண்டாவது, முந்தின நாள் அவன் கோவிலுக்குப் போய், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தானாம். சாகத் தயாரானான் என்று அர்த்தமாம். புதுத் தோணி கடலில் இறங்குமுன் நாங்கள் எல்லோருமே பாவசங்கீர்த்தனம் செய்து, பூசையில் நன்மை அப்பம் வாங்குவோம். முதல் ரயிலும் அவனுக்கு அப்படித்தான். தன் உயிரைத் தானே எடுக்கப் போகிறவன் சாமியாரிடம் போய் முழங்கால் போடுவானா?

6. அவன் உடலும் அந்த அறிக்கையும் ஒரே ரயிலில் வந்து சேர்ந்தன. அறிக்கையை வாசித்த எங்கள் பங்குச் சாமியார், தற்கொலை செய்தவனைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்க முடியாது என்று சொல்லிவிட்டார். பூசை இல்லை, மணியும் அடிக்கவில்லை. மதிலுக்கு வெளியே உடைமுள்ளுக்குள் புதைத்தோம். எங்கள் தாயார் அந்தோணியம்மாள் அன்று முதல் கோவிலுக்குள் நுழையவில்லை. மெட்டில்டாவிடம் ஊரார், வீட்டில் அவனுக்கு என்ன குறை வைத்தாய் என்று கேட்கிறார்கள். அறிக்கை திருத்தி வந்தால் உள்ளே எடுத்து அடக்கலாம் என்று சாமியார் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

7. இனி எழுதுவதை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. சென்னை வெயிலில் கயிறு காய்ந்து வழுக்குகிறது என்று ஜூன் மாதம் ஹென்றி எனக்கு எழுதினான். நான் போட்ட பதில் இது: “ஏலே, தோணியில கடல் நனைக்கும், கரையில நீதான் நனைக்கணும். உப்பைக் கரைச்சு, கயித்தை முக்கி இடுப்புல கெட்டு. இதையும் நான் சொல்லணுமாக்கும்?” அந்தக் கடிதம் அவன் சட்டைப் பையில் இருந்து, அவனுடைய சாமான்களோடு, தங்கள் அலுவலக முத்திரை குத்தித் திரும்பி வந்தது. முத்திரை குத்தியவர் நாலு வரியை வாசித்திருந்தால் என் தம்பி இன்று மதிலுக்கு உள்ளே கிடப்பான். அதை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

8. நஷ்டஈடு கேட்டு இதை எழுதவில்லை. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அதற்குள் அந்த ஒரு சொல்லை அடித்து ஆணை அனுப்ப வேண்டுகிறேன். அந்த இடத்தில் ஏதாவது எழுதித்தான் ஆகவேண்டும் என்றால், அண்ணன் இனிகோ சொல்லிக் கொடுத்தபடி செய்து இறந்தான் என்று எழுதுங்கள். ஆணையைக் கோவிலில் வாசிப்பார்கள். அம்மாவும் மெட்டில்டாவும் அன்றைக்குத்தான் முதன்முதலாக அதைக் கேட்பார்கள். கேட்கட்டும் அய்யா.

இடம்: தூத்துக்குடி
நாள்: 4.10.1978

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
சே. இனிகோ மச்சாது
(இறந்தவரின் அண்ணன்)

இணைப்பு: கடிதம் ஒன்று. வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பவும். அவன் கடைசி வரை தன்னோடு வைத்திருந்தது அது.