ஒரிஜினல் இல்லை, ஓடும்

லெப்பைக்குடிக்காடு
19.01.2025

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் அம்மாவும் நலம். ஆடு இரண்டும் நலம். என் போன் மட்டும் நலமில்லை. அம்மாவின் பீரோவில், பட்டுச் சேலைக்கு அடியில், உங்கள் உத்தரவுப்படி சிறையில் இருக்கிறது. அதனால்தான் இந்தக் காகிதம். அனஸ் மச்சான் லீவு முடிந்து ஷார்ஜா திரும்புகிறார். எலுமிச்சை ஊறுகாய், இடியாப்ப மாவு, இந்தக் கடிதம், மூன்றும் ஒரே பையில். ஊறுகாய் கசிந்து எழுத்து அழிந்திருந்தால் அது அம்மா மூடியை இறுக்காத குற்றம். என் குற்றப் பட்டியலில் இனி இடமில்லை.

அத்தா, நீங்கள் என்னிடம் சொன்னது என்ன? "நீதான் நல்லா எழுதுவியே, நம்ம காரை விக்க ஒரு விளம்பரம் எழுதிப் போடு." சொன்னீர்களா இல்லையா? போட்டேன். அப்புறம் ஏன் கோபம்?

"1965 எம்.ஜி.பி., ஸ்போர்ட்ஸ் கார், ரெண்டு சீட்டு, நூறு சதவீதம் ஒரிஜினல்" என்று போடச் சொன்னீர்கள். முதல் மூன்றையும் அப்படியே போட்டேன். நாலாவதைப் போடும் முன் எதற்கும் ஒரு தடவை பார்ப்போமே என்று பாயை விரித்துக் காருக்கு அடியில் படுத்தேன். அதுதான் வினை.

கதவைத் திறந்தால் ஓரத்தில் சிவப்புப் பெயின்டுக்குக் கீழே பச்சை எட்டிப் பார்க்கிறது. கூரைத் துணி பெரம்பலூரில் லாரித் தார்ப்பாயில் தைத்தது. உள்பக்கம் லாரிக்காரர் எழுதிய "அன்னை துணை"யில் பாதி இன்னும் இருக்கிறது: "னை துணை". பின் விளக்கு டிராக்டருடையது. சீட்டு ரெக்சினை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தேன். ஜெயங்கொண்டம் மினி பஸ். அதே பூ, அதே நிறம்.

பிறகு பானெட்டைத் திறந்தேன். இணையத்தில் கிடைத்த படத்தோடு ஒப்பிட்டால் கார்புரேட்டர் இரண்டு இருக்க வேண்டும், ஒன்றுதான் இருக்கிறது. இன்ஜின் உடம்பில் வார்த்திருக்கிற எழுத்தைத் துடைத்துப் படித்தேன். நம் காருக்குள் இருப்பது அம்பாசடர் இன்ஜின், அத்தா. இரண்டும் ஒரே வம்சம்தானாம், அதனால் பொருந்திப் போயிருக்கிறது. சாச்சா மகன் முறை. ஆனால் சாச்சா மகனைக் காட்டிக் கூடப்பிறந்தவன் என்று கல்யாணம் பேச முடியுமா?

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள அதே நம்பர்தான் இந்த இன்ஜினில் அடித்த தகட்டிலும் இருக்கிறது. யாரோ பழைய இன்ஜினிலிருந்து தகட்டைக் கழற்றி இதில் பொருத்தியிருக்கிறார்கள். தகடு பழசு, ரிவெட் புதுசு.

எல்லாவற்றையும் எழுதினேன். பாடி, கதவு, முன் கண்ணாடி, டேஷ்போர்டு, காது கிழிகிற ஹாரன், இவையெல்லாம் பிறந்தபோது இருந்தவை என்பதையும் எழுதினேன். கடைசி வரி: "ஒரிஜினல் இல்லை, ஓடும்." கூப்பிட அம்மா நம்பர் கொடுத்தேன்.

அதைப் படித்துவிட்டு, காரை வாங்குவதாக இருந்த உங்கள் கோயம்புத்தூர் சுதர்சன் சார் வேண்டாமென்று போய்விட்டார் என்று அம்மா சொன்னார்கள். போகட்டும். ஒரிஜினல் என்று எழுதியிருந்தால் நான் கிரிமினல். போன வருஷம் ஹெச்.எம். நாற்காலியைப் படம் எடுத்து விற்பனைக்கு என்று போட்டேனே, அது குறும்பு, ஒத்துக்கொள்கிறேன். இது குறும்பில்லை. விளம்பரத்தை எடுக்க மாட்டேன். பாஸ்வேர்டு என் தலைக்குள் இருக்கிறது. தலையைப் பீரோவில் வைத்துப் பூட்ட முடியாது.

உங்கள் (நூறு சதவீதம் ஒரிஜினல்) மகள்,
ஆஃப்ரா

*

ஷார்ஜா
31.01.2025

அன்பு மகள் ஆஃப்ராவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். ஊறுகாய் கசியவில்லை. உன் வாய்தான் கசிந்திருக்கிறது.

போனில் பேசினால் கத்திவிடுவேன். ரூமில் ஆறு பேர் இருக்கிறோம். மகளைத் திட்டுவதை ஆறு பேர் கேட்க வேண்டாம். அதனால் நானும் எழுதுகிறேன். ஆகிப் ஊருக்கு வருகிறான், கொடுத்து விடுகிறேன்.

உனக்கு ஒன்று தெரியாது. அம்மாவுக்கே அரைகுறையாகத்தான் சொன்னேன். இந்த நோன்புப் பெருநாளோடு இங்கே முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிடுவதாக இருந்தேன். பதினைந்து வருஷம் போதும் என்று தோன்றிவிட்டது. பெரம்பலூர் துறைமங்கலத்தில் டயர் கடைக்கு இடம் பேசி வைத்திருந்தேன். கார் நல்ல விலைக்குப் போனால் கடை, கடை இருந்தால் வீடு. சுதர்சன் சார் முழு விலைக்கு ஒத்துக்கொண்டிருந்தார். நீ எழுதியதைப் படிக்கும் வரை.

பொருளை விற்கிறவன் தன் பொருளைத் தானே ஏசுவானா? நம் கடைத்தெருவில் எவனாவது தன் பழத்தை அழுகல் என்று கூவி விற்று நீ பார்த்திருக்கிறாயா? ஆர்.சி. நம்பரும் தகட்டு நம்பரும் ஒன்றா? ஒன்று. அவ்வளவுதான் கேள்வி. அதற்கு மேல் பானெட்டுக்குள் தலையை விடச் சொல்லி உன்னை யார் கேட்டது?

விளம்பரத்தை எடு. சுதர்சன் சாரிடம் நான் பேசிக்கொள்கிறேன். என் மகள் விளையாட்டுக்கு எழுதிவிட்டாள், ஹெச்.எம். நாற்காலியை விலை பேசியவளும் அவள்தான் என்று சொன்னால் நம்புவார்.

நான் வருவதும் வராததும் இப்போது உன் கையில்தான் இருக்கிறது. யோசி. அம்மாவை எதிர்த்துப் பேசாதே. முட்டை சாப்பிடு.

அன்புடன் அத்தா,
ஹபிபுல்லா

*

லெப்பைக்குடிக்காடு
10.02.2025

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முட்டை சாப்பிட்டேன். யோசித்தேன். விளம்பரத்தை எடுக்கவில்லை.

"வருவதும் வராததும் உன் கையில்" என்று எழுதியிருந்தீர்கள். எனக்குப் பதினேழு வயது, அத்தா. இந்தக் கையில் அவ்வளவு கனத்தை வைத்திருக்கக் கூடாது. வைத்துவிட்டீர்கள். ராத்திரியும் பகலும் கனக்கிறது. நீங்கள் வர வேண்டும் என்று உங்களை விட எனக்குத்தான் ஆசை. ஆனால் அந்தத் தகட்டைக் காட்டி வருகிற அத்தா எனக்கு வேண்டாம்.

இன்னொன்று. இந்தப் பதினேழு வருஷத்தில் நான் ஒரு எழுத்துக்கூடக் கலப்படமில்லாமல் எழுதியது அந்த விளம்பரம் ஒன்றுதான். அதைப் போய் விளையாட்டு என்று சொல்லப் போகிறீர்கள். நாற்காலிக்கு ஹெச்.எம். கொடுத்த தண்டனை இதற்கு முன் ஒன்றுமேயில்லை.

சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு அரியலூர் போனேன், ஜெயப்பிரகாஷ் அண்ணன் ஒர்க்‌ஷாப்புக்கு. நீங்கள் காரை வாங்கியதிலிருந்து பார்க்கிறவர் அவர்தானே. எங்களை டீ பெஞ்சில் உட்காரச் சொன்னார். பெஞ்சுக்கு ஒரு பக்கம் கால் இருக்கிறது. இன்னொரு பக்கம் பெரிய இரும்புக் கட்டி முட்டுக் கொடுத்திருக்கிறது. குனிந்து பார்த்தேன். இன்ஜின். பக்கவாட்டில் என் கை நுழைகிற அளவு ஓட்டை. மேலே தகடு இருந்த இடத்தில் ரிவெட் துளைகள் மட்டும். நம் காரின் ஒரிஜினல் இன்ஜின், பத்து வருஷமாக டீ குடிக்கிறவர்களைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

அண்ணன் ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "தகட்ட மாத்துனது நாந்தாம்மா. ஒங்க அத்தாவுக்கு ஒண்ணும் தெரியாது. அவரைக் கேக்காத, விட்டுடு."

அதே பெஞ்சில் நீங்கள் எத்தனை தடவை உட்கார்ந்திருப்பீர்கள், அத்தா.

அம்மா போனிலிருந்து விளம்பரத்தில் ஒரு வரி சேர்த்தேன்: "உடைந்த பழைய இன்ஜினும் கூடவே தரப்படும்." அன்று மாலையே அழைப்பு வந்தது. திருச்சியில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற பிரவீணா மேடம். அம்மாதான் எடுத்தார்கள். எடுத்ததும், "ஒரிஜினல் இல்லைங்க, ஆனா ஓடும்ங்க" என்றார்கள். இப்போதெல்லாம் யார் கூப்பிட்டாலும் அம்மா இப்படித்தான் எடுக்கிறார்கள். கேஸ் கம்பெனிக்காரரும் கேட்டுவிட்டார்.

அந்த மேடம் சிரித்தார்களாம். "அதுக்காகத்தாங்க கூப்புட்டேன். அம்பாசடர் இன்ஜின்னா எந்த ஊர்ல நின்னாலும் மெக்கானிக் இருப்பான். எனக்குத் தொடச்சித் தொடச்சி வெக்கக் கார் வேணாம், ஓட்டணும்."

நேற்று வந்து ஓட்டியே பார்த்துவிட்டார்கள். ஏரிக்கரை வரை போய்த் திரும்பி வந்து, எடுத்துக்கொள்கிறேன் என்றார்கள். சுதர்சன் சார் சொன்ன விலை வராது, நன்றாகவே குறையும். ஆனால் ஒரு நிபந்தனை. எது ஒரிஜினல், எது இல்லை, தகடு எப்படி வந்தது என்று உரிமையாளர் தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் எழுதினால் செல்லாது.

ஆகவே, அத்தா, அவர்களுக்கு உண்மையை எழுதுங்கள். இல்லாவிட்டால் சுதர்சன் சாருக்கு என் மகள் பொய் சொல்கிறவள் என்று எழுதுங்கள். நடுவில் நிற்க இடமில்லை. நம் காரில் ரெண்டே சீட்டு.

பாஸ்வேர்டை இன்னும் சொல்லாத,
ஆஃப்ரா

*

ஷார்ஜா
21.02.2025

அன்பு மகளுக்கு,

வ அலைக்கும் ஸலாம். பிரவீணா அம்மாவுக்கு எழுதிய தாளை இதோடு வைத்திருக்கிறேன். மூன்று பக்கம். கையெழுத்தும் போட்டுவிட்டேன். சுதர்சன் சாரிடமும் பேசினேன், என் மகள் எழுதியதுதான் சரி என்று.

ஜெயப்பிரகாஷ் உன்னிடம் சொன்னது பொய். என் பெயரைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொல்லியிருக்கிறான். தகட்டை மாற்றச் சொன்னது நான்.

இவ்வளவு தோண்டிய பிறகு மீதியையும் தெரிந்துகொள். 2014, நோன்புப் பெருநாள். உனக்கு ஆறு வயது. தொழுகை முடித்து வந்து, உன்னைக் கொள்ளிடம் கூட்டிப் போகலாம் என்று காருக்கு ஆயில் ஊற்றிக்கொண்டிருந்தேன். நீ பக்கத்தில் நின்று பார்த்தாய். செருப்பு மாற்ற நான் உள்ளே போய்த் திரும்புவதற்குள் ஒரு பாட்டில் ரோஸ் சர்பத்தை ஆயில் ஊற்றுகிற வாயில் கவிழ்த்துவிட்டாய். எனக்குத் தெரியாது. திருமானூர் தாண்டியதும் உள்ளே ஏதோ உடைந்து வெடி போட்டது மாதிரி சத்தம். கார் புகையோடு நின்றுவிட்டது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். நீதான் வந்து சொன்னாய், "அத்தா, காருக்கும் பெருநாள்தானே, அதான் சர்பத் குடுத்தேன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. நாலு நாளில் எனக்கு ஃப்ளைட். உன் பெரியத்தாவுக்குத் தெரிந்தால் உன்னைப் பின்னி எடுத்திருப்பார். ஊரும் ஆயுசுக்கும் உன்னைக் காரைக் கெடுத்தவள் என்றுதான் கூப்பிட்டிருக்கும். பெல்ட் அறுந்துவிட்டது என்று வீட்டில் சொன்னேன். வேறு இன்ஜின் போட்டுத் தகட்டை மாற்று, யாரும் கேட்கக் கூடாது என்று ஜெயப்பிரகாஷிடம் சொல்லிவிட்டு விமானம் ஏறினேன்.

அதுவரை உனக்காகச் செய்தது. சுதர்சன் சார் ஒரிஜினலா என்று கேட்டபோது ஆமாம் என்றது எனக்காக. இரண்டையும் ஒன்றாக்கி உன் தலையில் வைக்க மாட்டேன். உன் கையில் வைத்ததையும் எடுத்துக்கொள்கிறேன்.

சர்பத் விஷயத்தை அந்தத் தாளில் எழுதவில்லை. அது வீட்டுக்குள் இருக்கட்டும்.

கடைக்குப் போதவில்லை. கம்பெனியில் இன்னும் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். பெருநாளைக்கு வரவில்லை. பரவாயில்லை, ஒரு வருஷம்தானே, ஓடிவிடும். போனைக் கொடுக்கச் சொல்லி அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பாஸ்வேர்டு எனக்கு வேண்டாம்.

அத்தா

*

லெப்பைக்குடிக்காடு
05.03.2025

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இன்று நாலாவது நோன்பு. போன் கையில்தான் இருக்கிறது. இருந்தும் காகிதத்தில் எழுதுகிறேன். போனில் அழுதால் சத்தம் கேட்கும்.

கார் போய்விட்டது. பிரவீணா மேடம் ஜெயப்பிரகாஷ் அண்ணனோடு வந்தார்கள். உங்கள் மூன்று பக்கத்தையும் நம் காரில் ஏறி உட்கார்ந்தபடியே படித்தார்கள். அவர்கள் கையில் கொடுக்கும் முன், உங்கள் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தில் ஒரு வரி எழுதிவிட்டேன்:

"பழைய இன்ஜின் உடைந்த காரணம்: உரிமையாளரின் மகள் ஆஃப்ரா, அப்போது வயது ஆறு, ஆயிலோடு ரோஸ் சர்பத் கலந்தது."

வீட்டுக்குள் இருக்கட்டும் என்றீர்கள். மற்றவர்கள் மாற்றியதை எல்லாம் நான் ஊருக்கே சொல்லிவிட்டேன். என்னுடையதை மட்டும் எந்த முகத்தோடு மறைப்பது? மேடம் அந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டுத் தாளை மடித்து டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்தார்கள். பெரியத்தா பக்கத்தில் நின்று எட்டிப் படித்துவிட்டார். நீங்கள் பயந்தபடியே ஆயிற்று. பதினோரு வருஷம் தாமதமாக, நோன்பு வைத்த வாயால், முக்கால் மணி நேரம் திட்டினார். இப்போது தெருவில் என் பெயர் சர்பத்துக்காரி. இஃப்தாருக்குச் சர்பத் கலக்க என்னை விடுவதில்லை. நான் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் நடக்கிறேன்.

காருக்கும் பெருநாள்தானே என்று நான் சொன்னது எனக்குச் சுத்தமாக நினைவில்லை, அத்தா. எத்தனை தடவை யோசித்தாலும் வரவில்லை. உங்களுக்கு மட்டும்தான் நினைவிருக்கிறது. அதை யாரிடமும் விற்றுவிடாதீர்கள்.

பள்ளிவாசல் முனையில் திரும்பும்போது மேடம் ஹாரன் அடித்தார்கள். அது ஒரிஜினல். அம்மா உள்ளே போய்விட்டார்கள். டீ பெஞ்சுக்கு இப்போது செங்கல் முட்டுக் கொடுத்திருக்கிறாராம் ஜெயப்பிரகாஷ் அண்ணன். ஆடுகிறதாம்.

விளம்பரத்தை எடுத்துவிட்டேன். நீங்கள் சொன்னதற்காக இல்லை, கார் விற்றுவிட்டது என்பதற்காக.

பெருநாளைக்கு வரவில்லை, பரவாயில்லை என்று எழுதியிருந்தீர்கள். பதிலுக்கு நானும் பரவாயில்லை என்று எழுதினால் நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கலாம். எழுத மாட்டேன். பரவாயில்லை என்பது ஒரிஜினல் இல்லை. நான் அன்றைக்கே விளம்பரத்தை எடுத்திருந்தால் இந்தப் பெருநாள் காலையில் நீங்கள் இங்கே இருந்திருப்பீர்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், நாளைக்கு இன்னொரு கார் வந்தால் பாயை விரித்து அடியில் படுக்கத்தான் போகிறேன். அதற்காக இது வலிக்காது என்று சொல்ல மாட்டேன்.

ஒரு வருஷம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். ஒரு நாள் கூடக் கூடாது.

உங்கள் மகள்,
ஆஃப்ரா