நன்னி என்றால் நான்

ஜனவரி 12, 2025, ஞாயிறு

இன்று என் பேரன் நஜீமுக்குக் கால்பந்து ஆட்டம். காலையில் மேனேஜர் போனிலிருந்து கூப்பிட்டான். ஆட்டத்தன்று பிள்ளைகளின் போனையெல்லாம் வாங்கிப் பூட்டிவிடுவார்களாம். வீட்டுக்கு ஒரே ஒரு தடவை பேசலாம், அதுவும் மேனேஜர் பக்கத்தில் நிற்க. பெற்ற தாய் அன்ஸியா இருக்க, என்னைத்தான் கூப்பிடுவான். என் மகளுக்கு அதில் வருத்தம். எனக்குப் பெருமை, ஏன் மறைக்க?

"நன்னி, துஆ செய்யி. ராத்திரிக்கி கப்பையும் மத்தியும் வை."

கப்பை! சின்னதில் மரவள்ளிக்கிழங்கு தொண்டையில் சிக்கி முழி பிதுங்கினதிலிருந்து அதைத் தொடாதவன். கொஞ்ச மாதமாகச் சில நாள் அவனாகவே கேட்கிறான், ஆக்கி வைத்தால் தின்பதுமில்லை. கோச் சொல்லியிருப்பார்.

என் மகன் ஷிஹாப் ஆட்டத்தன்று தவறாமல் சாயாவுக்கு வருவான். வந்தான். "மருமவன் என்ன கேட்டான்?" என்றான். கப்பை என்றேன். "அப்ப நான் மத்தி வாங்கியாறேன்" என்று போனவன் போனவன்தான். நானே வாங்கினேன்.

எதிர்வீட்டு ஜெயலக்ஷ்மி, பேரன் சுதர்ஷனின் நம்பர் போட்ட சட்டையைச் சேலைக்கு மேலே மாட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். நஜீம் கோல் காக்கிற கோலி, சுதர்ஷன் அவனுக்கு முன்னால் நிற்கிற தடுப்பாட்டக்காரன், ஒரே கிளப். அதற்காக நான் மறந்துவிடுவேனா? நான் தண்ணீர் பிடித்த பொதுக்குழாயைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத் தன் குடத்தை வைத்தவள். அன்ஸியா அப்போது என் இடுப்பில்.

ஜனவரி 13, திங்கள்

தோற்றார்கள். ரெண்டாம் பாதியில், ஒன்றுமில்லாத பந்து. சும்மா உருண்டு வந்தது. சுதர்ஷன் காலை எடுத்துக்கொண்டான், நஜீம் முன்னால் வரவில்லை, பந்து வலைக்குள் போய் உட்கார்ந்தது. கோலி "விடு" என்று கத்தினால் தடுப்பாட்டக்காரன் விட்டுவிட வேண்டுமாம், கோலி வந்து எடுத்துக்கொள்வானாம். "நஜீம் விடுன்னான், அதான் விட்டேன்" என்கிறான் சுதர்ஷன். "நான் வாயே தெறக்கல" என்கிறான் என் பிள்ளை.

யாரை நம்புவது என்று எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

கப்பை அப்படியே குப்பைக்குப் போயிற்று.

ஜனவரி 27, திங்கள்

வைட்டிலாவில் ஒரு லாட்ஜில் பந்தயக்காரன் ஒருத்தன் பிடிபட்டான். எந்தப் பாதியில் கோல் விழும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு பந்தயம் கட்டுகிறவன். அவன் போனில் ஒரு செய்தி இருந்ததாம், யாரோ பேரில் வாங்கிய சிம்மிலிருந்து வந்தது. எனக்கு மலையாள எழுத்து வராது. அன்ஸியா பேப்பரைப் பார்த்துச் சொன்னாள்: கப்பை நன்றி சொல்லிவிட்டான் என்று அதில் இருக்கிறதாம். பணம் வந்ததற்கு நன்றி என்கிறது போலீஸ்.

கப்பை என்பது சுதர்ஷன். மீன் இறைச்சி தொடாத பையன், முகாமில் கப்பையும் மோருமாகத் தின்று அந்தப் பேர் விழுந்தது. கிளப் அவனை நிறுத்தி வைத்துவிட்டது. விசாரணை முடிந்தால் ஆயுசுக்கும் தடை வரும் என்கிறார்கள்.

அல்லாஹ் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான் என்று சொன்னேன். சத்தமாகவே சொன்னேன், எதிர்வீட்டில் கேட்கட்டும் என்று.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஜெயலக்ஷ்மி வந்தாள். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சுலைஹா, ஒம் பேரன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளேன். விடுன்னு சொன்னானா இல்லையான்னு. கொழந்தை ரூமை விட்டு வெளில வரமாட்டேங்கறான்."

"கொழாயக் கழுவுன கையி, இப்ப என் கேட்டப் பிடிக்குதாக்கும்?"

"அதை இன்னுமா வச்சிண்டிருக்காய்?"

"வேற எங்க கொண்டு வைக்கச் சொல்ற?"

கேட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். செருப்பில்லாமல் வந்திருந்தாள் என்பது அவள் திரும்பி நடக்கும்போதுதான் கண்ணில் பட்டது. பட்டால் என்ன.

பிப்ரவரி 10, திங்கள்

டிவியில் அந்தச் செய்தியைத் திரை நிறையக் காட்டினார்கள். இங்கிலீஷ் எழுத்தில் மூன்று வார்த்தை. வாசிக்கிற பெண் உரக்கப் படித்தாள்.

"நன்னி பறஞ்ஞு கப்பை."

படித்துவிட்டு, கப்பை நன்றி சொன்னான் என்று பொருளும் சொன்னாள். மலையாளத்தில் நன்னி என்றால் நன்றி. ஊரே அப்படித்தான் படித்திருக்கிறது, போலீஸ் உட்பட.

எங்கள் ராவுத்தர் வீட்டில் நன்னி என்றால் அம்மாவைப் பெற்றவள். இந்த வீட்டில் நன்னி என்றால் நான்.

நன்னி சொன்னாள் — கப்பை.

சாயா டம்ளரைக் கீழே வைக்கத் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு மறதி என்ற ஒன்றைப் படைத்தவன் கொடுக்கவில்லை. மலப்புறத்தில் ஆடின அன்று அரிசிமாவுப் பத்திரி கேட்டான், முதல் பாதியில் கோல் விழுந்தது. மழையில் ஆடினார்களே, அன்றைக்கும் பத்திரி, முதல் பாதி. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஆட்டம் கப்பை, ரெண்டாம் பாதி. ஜெயித்த நாளெல்லாம் துஆ மட்டும் கேட்டான், சோறு கேட்கவில்லை.

மேனேஜர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதானே இருந்தார்? பாட்டியிடம் பேரன் சாப்பாடு கேட்கிறான், இதில் யாருக்கு என்ன சந்தேகம் வரும்? நானும் வாயெல்லாம் பல்லாக ஷிஹாபிடம் சொன்னேனே.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஷிஹாபை வரச் சொல்லிக் கேட்டேன். மறுக்கக்கூட இல்லை.

"அம்மா, ஒன்ட்ட யாரும் கேக்கல. நீயாப் போயி மாட்டாத."

"என் வாயாலயேடா சொல்ல வச்ச?"

"நீ என்ன சொன்ன? ஒரு சோத்துப் பேரு சொன்ன. அவ்வளவுதானே."

வயிற்றில் சுமந்தது இதைத்தானா? இதைத்தானா?

பிப்ரவரி 16, ஞாயிறு

நஜீம் வந்தான். அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன், விடுன்னு சொன்னியா என்று.

"சொன்னேன்."

"அப்ப சுதர்ஷன்?"

"அவனுக்கென்ன நன்னி. திருப்பூணித்துறையில அப்பா கடை இருக்கு, போயி ஒக்காந்துக்குவான். எனக்கு பந்து இல்லேன்னா என்ன இருக்கு?"

"அவனுக்கும் பந்துதானேடா."

"கோலு தானே விட்டேன். ஆளையா கொன்னேன்?" பிறகு என் மடியில் தலையை வைத்துக்கொண்டான், இத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு. "நீ சொல்லமாட்டல்ல?"

நான் அவன் முடியைக் கோதிக்கொண்டிருந்தேன். பதில் சொல்லவில்லை. அதை அவன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். எனக்கே அது என்னவென்று தெரியவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

நோன்பு தொடங்கிவிட்டது. தொழுது முடித்துக் கையேந்தினால் என்ன கேட்பது என்று தெரியவில்லை. ஏந்தினபடியே உட்கார்ந்திருக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

எதிர்வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ். சுதர்ஷன் எதையோ தின்றுவிட்டான். பிழைத்துக்கொள்வான் என்கிறார்கள். அன்ஸியா ஜன்னலைச் சாத்தினாள். அவளுக்கும் தெரியும், ஷிஹாப் சொல்லியிருக்கிறான். இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மார்ச் 12, புதன்

யாரிடமும் சொல்லாமல் படகேறி எறணாகுளம் போனேன். விசாரணை நடக்கிற ஆபீஸில் ஒரு பெண் அதிகாரி, நல்ல மாதிரி. நோன்பு வாயோடு மாடியேறி வந்த கிழவி என்று நாற்காலி போட்டாள்.

"ஞானா நன்னி" என்றேன், நான்தான் நன்னி என்று.

"நன்னியொன்னும் வேண்டா உம்மா. இரிக்கு" என்று சிரித்தாள்.

நாற்காலிக்கு நன்றி சொல்வதாக நினைத்துக்கொண்டாள். இன்னொரு தடவை சொன்னேன், மறுபடியும் அதே சிரிப்பு. பக்கத்தில் இருந்த வக்கீலும் சிரித்தான். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. தமிழிலேயே கத்திவிட்டேன்.

"ஏம்மா, கப்பை நன்னி சொல்லல! நன்னிதான் கப்பை சொன்னா! அந்த நன்னி நான்தான்! நஜீமோட நன்னி!"

சிரிப்பு நின்றது. பாலக்காட்டுத் தமிழ்க்காரர் ஒருத்தரைக் கூட்டி வந்து உட்காரவைத்தார்கள். எல்லாம் சொன்னேன், எந்த ஆட்டம், என்ன கேட்டான், யாரிடம் சொன்னேன், எல்லாம். அந்தப் பெண் ஒவ்வொரு ஆட்டமாகச் சரிபார்த்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. ஒன்றாவது தப்பாதா என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"உம்மாவுக்கு இப்ப வெள்ளம் வேணுமா?" என்று தண்ணீரை நீட்டினாள். நோன்பு என்றேன்.

மார்ச் 14, வெள்ளி

ஷிஹாபைக் கொண்டுபோனார்கள். அன்ஸியா என் தட்டைக் கூடத்துக்கு வெளியே வைத்தாள். "பெத்த மவனையும் பேரனையும் கொண்டுபோயி அந்தப் பாப்பாத்திக்கு படைச்சிட்டியே." எனக்கா ஜெயலக்ஷ்மிமேல் பாசம்?

மார்ச் 31, திங்கள்

பெருநாள். யாரும் எனக்கு சலாம் சொல்லவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

முடிவு வந்தது. சுதர்ஷன்மேல் குற்றமில்லை, கிளப் அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நஜீமுக்குப் பத்து வருஷத் தடை. ஆடக்கூடாது, கற்றுக்கொடுக்கக்கூடாது, எந்த மைதானத்துக்குள்ளும் காலெடுத்து வைக்கக்கூடாது. தடை முடியும்போது அவன் கோலியாக நிற்கிற வயதெல்லாம் போயிருக்கும். ஷிஹாபுக்குக் கோர்ட் வழக்குத் தனி.

நியாயம்தான். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் நியாயமாகத்தான் இருக்கிறது. யார்மேல் கோபப்படுவது என்று தேடுகிறேன், ஒருத்தரும் கிடைக்கவில்லை. எனக்கு இப்படி ஆனதே இல்லை.

சாயங்காலம் ஜெயலக்ஷ்மி வந்து என் கையைப் பிடிக்கப் பார்த்தாள். இழுத்துக்கொண்டேன். "ஒனக்காகச் செய்யல. ஒம்மேல உள்ளது அப்படியேதான் இருக்கு" என்றேன். "இருக்கட்டும்" என்றாள். நின்றுகொண்டே அழுதாள். நான் அழவில்லை.

மே 5, திங்கள்

அன்ஸியாவும் நஜீமும் ஏலூருக்குக் குடிபோனார்கள். அங்கே கம்பெனியில் மூட்டை ஏற்றுகிற கான்ட்ராக்ட் வேலை கிடைத்திருக்கிறது அவனுக்கு. லாரியில் ஏறும்போது என் பக்கம் பார்க்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

கண்ணுக்கு மருந்து வாங்கிவிட்டு ஆட்டோவில் திரும்பினேன். மழை விட்டிருந்தது, ரோட்டில் தேங்கின தண்ணீரில் ஆட்டோ ஊர்ந்தது. பரேட் மைதானத்தில் பையன்கள் சேற்றில் ஆடிக்கொண்டிருந்தார்கள். வேலிக்கு வெளியே, ரோட்டோரம், நஜீம் நின்றுகொண்டிருந்தான். ஏலூரிலிருந்து இவ்வளவு தூரம் இதைப் பார்க்கவா வந்தான்? இளைத்திருந்தான். கழுத்தோரம் மூட்டை உரசின தழும்பு ஆட்டோவிலிருந்தே தெரிந்தது.

பந்து ஒன்று வேலி தாண்டி அவன் பக்கம் உருண்டு வந்தது. "சேட்டா, பந்து!" என்று உள்ளேயிருந்து கத்தினார்கள். அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். காலைக்கூட நகர்த்தி வழிவிட்டான். பந்து அவனைக் கடந்து போய்ச் சாக்கடையில் விழுந்தது.

"நிர்த்தணோ உம்மா?" என்றான் ஆட்டோக்காரன்.

வேண்டாம், போ என்றேன்.